கோலம் போடுவது யார்? பள்ளியில் இன, சமயச் சமத்துவ ஆய்வும் பதின்ம வயது மாணவர்களும்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் நன்னெறிக் கல்வி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். தம் பள்ளியில் பல இன மாணவர்களும் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள், சமயத்தின் காரணமாக யாரேனும் ஒதுக்கப்படுகிறார்களா என்பதை ஆராய அவர் விரும்புகிறார். இங்கிலாந்தில் ஆசிரியராக இருக்கும் அவருடைய நாத்தனார், அங்கே பயன்படுத்திய வினாப் படிவம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதை மலாய் மொழியில் பெயர்த்து, படிவம் 4 எனப்படும் ஆண்டில் படிக்கும் பதினாறு வயது மாணவர்களிடம் கொடுக்கலாமா, மாணவர்களைப் பதில் எழுதுபவர்களாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஆய்வு செய்பவர்களாகவே சேர்த்துக்கொள்ள முடியுமா, எவற்றைத் தொடக்கூடாது என்பவை அவருடைய கேள்விகள். பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் பள்ளிகளில் இத்தகைய வேலையை ஓரளவு செய்து, சில இடங்களில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆசிரியைக்கு வணக்கம். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாணவர்களைச் சேர்க்கலாம், சேர்க்காமல் செய்யும் ஆய்வில் நமக்குத் தெரிந்ததையே மறுபடி எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் அவர்களைச் சேர்க்க வேண்டிய இடம் கேள்வியை உருவாக்கும் இடம். பெரும்பாலான பள்ளிகளில் கேள்விகளை ஆசிரியர்கள் எழுதிவிட்டு, தாள்களை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவரும் வேலையை மட்டும் மாணவர்களிடம் ஒப்படைத்து, அதற்கு மாணவர் பங்கேற்பு என்று பெயர் வைக்கிறார்கள். அது தபால்காரர் வேலை. கேள்வியை மாணவர்களிடம் விடுங்கள். பதிலால் வரக்கூடிய சங்கடங்களை, முதல்வரின் முகச்சுளிப்பு முதல் பெற்றோரின் தொலைபேசி அழைப்பு வரை, நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு பங்கீட்டைப் பற்றியதுதான்.

நாத்தனார் அனுப்பிய படிவத்தை எடுத்து வைத்துவிடுங்கள். அது மோசமான படிவம் என்று சொல்ல வரவில்லை. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்துக்காகக் காத்திருந்தபோது இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். போலீசார் அந்த வழக்கைக் கையாண்ட விதத்தை விசாரித்த குழு 1999இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் விளைவாக 2000இல் இன உறவுச் சட்டம் திருத்தப்பட்டு, இனச் சமத்துவத்தை வளர்க்கும் கடமை பள்ளிகள் உள்ளிட்ட பொது அமைப்புகள் மீது சுமத்தப்பட்டது. பிறகு வந்த 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இனத்தையும் சமய நம்பிக்கையையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. அந்தப் படிவத்தின் பின்னால் அப்படியொரு வரலாறும் சட்டக் கடமையும் இருக்கின்றன. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் பற்றிய கேள்வி 1991இல்தான் முதன்முதலாக இடம்பெற்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2001இல் சேர்க்கப்பட்ட சமயம் பற்றிய கேள்விக்கு விருப்பம் இருந்தால் பதில் சொன்னால் போதும். தன்னை எந்தக் கட்டத்தில் வைத்துக்கொள்வது என்பதை அங்குள்ள பிள்ளை தானே முடிவு செய்கிறது.

நம் பிள்ளைக்கோ கட்டம் பிறப்புப் பத்திரத்திலேயே வந்துவிடுகிறது. தாய் தந்தையரின் இனம் அதில் அச்சாகியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது முஸ்லிம் பிள்ளையின் அட்டையில் சமயமும் ஏறிவிடுகிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு கட்டங்களை எத்தனை பாரங்களில் அவர்கள் நிரப்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ் படிவத்தில் ‘ஆசியர்’ என்ற தலைப்பின் கீழ் இந்தியரும் சீனரும் வருவதைப் பார்த்தால் உங்கள் மாணவர்கள் சிரிப்பார்கள். அநேகமாகப் பள்ளி முழுவதும் ஒரே தலைப்பில் அடங்கிவிடும்.

நம்முடைய நான்கு கட்டங்களும் அவ்வளவு ஒழுங்கானவை அல்ல. ஜார்ஜ்டவுனில் சூலியா தெருப் பக்கம் வளர்ந்த ஒரு தமிழ் முஸ்லிம் மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறான். பள்ளியில் இஸ்லாமியக் கல்வி வகுப்புக்குப் போகிறான். கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு மலாய்க்காரர் என்பதற்குத் தரும் விளக்கத்தில் இஸ்லாம், மலாய் மொழி, மலாய் மரபு ஆகியவை இருப்பதால், அவனுடைய உறவினர் சிலர் தங்களை மலாய்க்காரர் என்றும் வேறு சிலர் இந்தியர் என்றும் எழுதுகிறார்கள். தமிழ்க் குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த சீனப் பாட்டியின் பேத்தி இருக்கிறாள். தெலுங்கு வீட்டுப் பிள்ளை, சீக்கியப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளை எல்லோரும் ஒரே ‘இந்தியர்’ கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஆய்வில் இனத்தைக் கேட்டே ஆக வேண்டுமென்றால், கட்டத்திற்குப் பதிலாக ஒரு வெற்றுக் கோடு போட்டு, ‘உங்களை நீங்கள் எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள்?’ என்று கேளுங்கள். பிறகு தொகுக்கும்போது சிரமம்தான். அந்தச் சிரமத்தைப் பட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி, மாணவர்கள் கேள்வியை எப்படி உருவாக்குவது என்பதற்கு வருகிறேன். ‘இன ஒற்றுமை பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டால் பதினாறு வயதுப் பிள்ளை ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடும். 1970 முதல் நாட்டுக்கு வழிகாட்டும் அக்கோட்பாடுகளில் எனக்குக் குறை ஏதும் இல்லை. தேர்வுக்குப் படித்த விடை வாயில் தயாராக இருக்கும்போது அனுபவம் வெளியே வராது என்பதுதான் சிக்கல். அதனால் நான் பேசச் சொல்வதில்லை, வரையச் சொல்கிறேன். தீவில் ஒரு பள்ளியில் பன்னிரண்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு பெரிய தாளைக் கொடுத்து, பள்ளியை நினைவிலிருந்து வரையுங்கள், நீங்கள் நிம்மதியாக இருக்கும் இடத்திற்குப் பச்சை, தவிர்க்கும் இடத்திற்குச் சிவப்புப் பூசுங்கள், யார் பெயரையும் எழுதாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். நாற்பது நிமிடம் கழித்துத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினோம். ஒரு மலாய் மாணவனின் வரைபடத்தில் சூராவ் என்னும் தொழுகை அறை நடுநாயகமாக, பெரிதாக, பச்சையாக இருந்தது. ஒரு சீன மாணவனின் தாளில் பாதியைக் கூடைப்பந்துத் திடல் எடுத்துக்கொண்டிருந்தது, சூராவே இல்லை. ஒரு தமிழ் மாணவி மாடிப்படிக்குக் கீழே நான்கு நாற்காலிகளை வரைந்து சிவப்புப் பூசியிருந்தாள். அது என்ன இடம் என்று மற்றவர்கள் கேட்டார்கள். முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்கும் மற்றவர்கள் நன்னெறிக் கல்விக்குமாக மணி அடித்து வகுப்பு இரண்டாகப் பிரியும்போது, அறை கிடைக்காத நாள்களில் தங்கள் நன்னெறிப் பாடம் அங்கேதான் நடக்கிறது என்று அவள் சொன்னாள். இரண்டு ஆண்டுகளாக அதே வகுப்பில் அவளோடு படித்த முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. ‘நாங்க எல்லாம் ஒரே ஸ்கூலுக்குத்தானே வர்றோம்?’ என்று அவள் தமிழில் முணுமுணுத்ததைப் பக்கத்தில் இருந்த சீன மாணவி மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்தச் சீனப் பெண் தமிழ் எங்கே கற்றாள் என்பது தனிக் கதை.

அந்த வரைபடங்களிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட கேள்விகள் துண்டுச் சீட்டுகளில் வந்து விழுந்தன. சிற்றுண்டிச்சாலையில் விற்கும் மீ சூப்பின் சாறு மாட்டிறைச்சியில் கொதித்ததா என்று ஓர் இந்து மாணவன் யாரிடம் கேட்பது? தீபாவளிக்கு நண்பன் வீட்டுக்குப் போகிறேன் என்றால் என் அம்மா பாத்திரத்தை நினைத்து ஏன் கவலைப்படுகிறார், அதை நண்பனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மலாய் மாணவன் எழுதியிருந்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து, இடைநிலைப்பள்ளிக்கு முன் ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் புகுமுக வகுப்பு வழியாக வந்த ஒருவன், என்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு உட்கார்ந்திருப்பதை யாரும் சொல்லிக்காட்டாமல் இருக்க வேண்டுமே என்று கேள்விக்குறி இல்லாமல் எழுதிவிட்டுப் போயிருந்தான். எனக்கு இன்றும் மறக்காத சீட்டு வேறு ஒன்று: ‘பெரிய மனிதர்கள் பள்ளிக்கு வரும்போதெல்லாம் கோலம் போட எங்களை மட்டும் கூப்பிடுகிறீர்கள். பேச்சாளர் பட்டியலில் ஏன் கூப்பிடுவதில்லை?’

கோலம் போடச் சொல்வது மரியாதையா, கட்டம் கட்டுவதா என்று நாங்கள் அன்று ஒரு மணி நேரம் பேசினோம். எந்தக் கல்வியாளரும் தன் வினாப் படிவத்தில் இதை யோசித்திருக்க மாட்டார். சிறுவர் பங்கேற்பைப் பற்றி எழுதிய ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். அதன் கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஏற்பதில்லை. அந்த மூன்றில் நடுப்படிக்கு அவர் வைத்த பெயர் அலங்காரம். ஏணியைப் பற்றி அந்தச் சீட்டை எழுதிய மாணவிக்குத் தெரியாது. ஆனால் எந்தப் படியில் தன்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது.

சீட்டுகளை வகைப்படுத்தி ஐந்து கேள்விகளுக்குச் சுருக்கும் வேலையையும் மாணவர்களே செய்யட்டும். நீங்கள் அங்கே ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கருத்தைக் கேட்கும் கேள்வியை நிகழ்வைக் கேட்கும் கேள்வியாக மாற்ற வேண்டும். ‘சீன மாணவர்கள் ஒட்டாமல் இருக்கிறார்களா?’ என்பது வம்பை வளர்க்கும். ‘கடந்த வாரம் குழு வேலைக்கு நீங்கள் யார் யாரோடு உட்கார்ந்தீர்கள், குழுவை யார் பிரித்தார்?’ என்பது விடையைத் தரும். அப்படி மாற்ற முடியாத கேள்வி எவ்வளவு ஆவலைத் தூண்டினாலும் ஒதுக்கிவிடுவது நல்லது.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வகுப்பளவில், உங்கள் கற்பித்தலைச் செம்மைப்படுத்துவதற்காகச் செய்யும் செயலாய்வு என்றால் முதல்வரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு தொடங்குவதுதான் வழக்கம். முதுகலைப் பட்டத்திற்காகவோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தோ செய்வதானால், கல்வி அமைச்சின் கல்விக் கொள்கைத் திட்டமிடல், ஆய்வுப் பிரிவுக்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெற்று, மாநிலக் கல்வி இலாகாவுக்குத் தெரிவித்து, அதன் பிறகே பள்ளிக்குள் நுழைய வேண்டும். இனமும் சமயமும் பொருளாக இருக்கும் ஆய்வில் வினாக்களின் முழுப் பட்டியலைப் பார்க்க விரும்புவார்கள். ஆனால் உங்கள் வினாக்களை மாணவர்கள்தான் எழுதப்போகிறார்கள். ஆகவே வரைபடப் பயிற்சியை முன்னதாகவே ஒரு கழக நடவடிக்கையாக நடத்தி, அதில் பிறந்த வினாக்களை இணைத்து விண்ணப்பிப்பது எளிது. நான் ஒருமுறை இதைத் தலைகீழாகச் செய்து ஐந்து மாதம் இழந்தேன்.

பெற்றோரின் ஒப்புதலையும் பிள்ளையின் இசைவையும் இரண்டு தனித்தனிச் செயல்களாக வைத்துக்கொள்ளுங்கள். 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் சிறுவர். பெற்றோர் கையொப்பம் கட்டாயம் வேண்டும். இந்தப் பொருளில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தன் சமயம் அல்லாத சமயத்தின் போதனையையோ வழிபாட்டையோ யார் மீதும் திணிக்கக்கூடாது என்று சொல்லும் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பார் என்றும் சொல்கிறது. சமயம் பற்றிய ஆய்வு என்று காதில் விழுந்தாலே, என் பிள்ளையை எங்கே இழுக்கிறார்கள் என்று எந்த வீட்டிலும் ஒரு பதற்றம் எழும். அது நியாயமான பதற்றம். கடிதத்தில் முதல் வரியிலேயே, யாருடைய நம்பிக்கையைப் பற்றியும் கேட்கப்போவதில்லை, பள்ளியில் ஒருவரை ஒருவர் நடத்தும் விதத்தைப் பற்றி மட்டுமே கேட்கப்போகிறோம் என்று எழுதிவிடுங்கள். அந்தக் கடிதம் மலாயில் மட்டும் போனால், பிறை தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் தாய்க்குப் பதிலாக, மலாய் வாசிக்கத் தெரியாத பாட்டி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். தமிழிலும் சீனத்திலும் கூட அச்சிட்டு, யாரை எந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம் என்பதையும் சேருங்கள்.

பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள் என்பதற்காகப் பிள்ளை கட்டுப்பட்டதாக ஆகிவிடாது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை ஐ.நா.வின் சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் விதி தருகிறது. மலேசியா 1995இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது, பாரபட்சமின்மை பற்றிய 2ஆம் விதிக்கும் சமயச் சுதந்திரம் பற்றிய 14ஆம் விதிக்கும் தன் மறுப்பைப் பதிவு செய்தது. 12ஆம் விதிக்குச் செய்யவில்லை. உங்கள் ஆய்வின் பொருள் முதல் இரண்டு விதிகளின் பக்கத்தில் நிற்கிறது, வழிமுறை மூன்றாவதன் மேல் நிற்கிறது. கவனமாக நடக்க வேண்டிய இடமும் துணிந்து நடக்கக்கூடிய இடமும் எவை என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கருத்துச் சொல்லும் உரிமையில் சொல்லாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். பாதியில் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, நன்னடத்தை மதிப்பெண் குறையாது என்பதைப் பிள்ளைகளிடம் வாயால் சொல்லுங்கள். தாளில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

இப்போது நான் கையைச் சுட்டுக்கொண்ட கதை. பெருநிலத்தில் ஒரு பள்ளியில், பெயர் எழுதத் தேவையில்லாத வினாத்தாள் ஒன்றை 31 பேர் கொண்ட ஒரு வகுப்பில் கொடுத்தோம். மேலே இனம், பாலினம், வகுப்பு என்று மூன்று விவரங்கள் மட்டும் இருந்தன. ஆசிரியர் யாராவது உங்கள் இனத்தைச் சொல்லிக் கேலி செய்ததுண்டா என்பது ஏழாவது வினா. அந்த வகுப்பில் இந்திய மாணவிகள் இரண்டே பேர். ஒருத்தி ஆம் என்று குறித்துக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தாள். தாள்களைச் சேகரித்த மாணவன் அவற்றை ஆசிரியர் அறை மேசையில் வைத்துவிட்டுப் போக, அவளுடைய கையெழுத்தை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியர் மேலோட்டமாகப் புரட்டியிருக்கிறார். மறுநாள் வகுப்பில் யாரையும் குறிப்பிடாமல் ‘சிலருக்கு நகைச்சுவை புரிவதில்லை’ என்று அவர் சொன்னது போதுமானதாக இருந்தது. அந்த மாணவி மீதி ஆண்டு முழுவதும் என்னிடம் பேசவில்லை. அவள் பேசாதது சரி. தவறு புரட்டிய ஆசிரியருடையது மட்டும் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. பெயர் கேட்காவிட்டால் அடையாளம் தெரியாது என்று நம்பிய நான்தான் அவளைக் காட்டிக்கொடுத்தேன்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. முப்பது பேர் வகுப்பில் அந்த விகிதம் இரண்டு பேர். பெரும்பான்மையினரைக் கூட்டத்தில் மறைத்துவைக்கும் அதே வினாத்தாள் சிறுபான்மையினரை விளக்குப் போட்டுக் காட்டும்; சமத்துவத்தை ஆராய வந்த தாளே சமமாக நடத்துவதில்லை. ஆகவே இனத்தைக் கேட்டால் வகுப்பைக் கேட்காதீர்கள். பாலினத்தைக் கேட்டால் எந்தப் படிவத்தில் படிக்கிறார் என்று கேட்காதீர்கள். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் கூட்டத்தையும் அறிக்கையில் தனியாகக் காட்டாதீர்கள். கையால் எழுதும் பகுதி வேண்டாம்; எழுதியே ஆக வேண்டுமென்றால் மாணவர் குழு தட்டச்சு செய்தபின் மூலத்தாளை அன்றே கிழித்துவிட வேண்டும். கூகுள் ஃபார்ம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள்: மாணவர்கள் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் உள்ள தங்கள் கணக்கின் வழியாக நுழையும்போது, மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே இரண்டு முறை சரிபாருங்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது என்பதால் அரசாங்கப் பள்ளியின் வேலைக்கு நேரடியாகப் பொருந்தாது; ஆனாலும் சமய நம்பிக்கையை அது நுண்ணுணர்வுத் தரவு என்று தனியாக வகைப்படுத்தியிருப்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மாணவரை மாணவர் நேர்காணல் செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. நம் ஊரில் அந்தத் தயக்கத்திற்கு ஒரு சொல்லே காரணமாக இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் தமிழ் முஸ்லிம்கள் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரிலும், அது நிற்கும் சாலையின் பெயரிலும், இந்தியரைக் குறிக்கும் ‘கெலிங்’ என்ற அந்தச் சொல் இருக்கிறது. அங்கே அது வரலாறு. அதே சொல்லைப் பள்ளித் திடலில் முதுகுக்குப் பின்னால் கேட்ட பிள்ளைக்கு அது செருப்படி. இந்த இரண்டும் ஒரே சொல்தான் என்பதை வகுப்பில் விவாதிக்கலாம், நல்ல பாடமாகவும் அமையும். ஆனால் ‘உன்னை அப்படிச் சொன்னார்களா, எப்போது, யார்?’ என்று பதினாறு வயதுப் பிள்ளை இன்னொரு பதினாறு வயதுப் பிள்ளையைக் கேட்கும்போது, கேட்டவரும் சொன்னவரும் அந்தக் கனத்தோடு தனியே பேருந்து ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அதனால் நேர்காணலுக்கு எப்போதும் இருவராகப் போகச் சொல்லுங்கள், அந்த இருவரும் வெவ்வேறு இனத்தவராக இருக்கட்டும். எதிரில் இருப்பவருக்கு என்ன நடந்தது என்று கேட்காமல், அவர் பார்த்ததையும் அவர் காதில் விழுந்ததையும் மட்டும் கேட்கட்டும். தனக்கு நடந்ததைச் சொல்ல விரும்புபவர் அதையே ‘பார்த்தேன்’ என்று சொல்லிக்கொள்வார். பள்ளி ஆலோசகர் அந்த நேரத்தில் அறையில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் அடி உதை என்பது போன்ற வேறு ஏதாவது வெளிப்பட்டால் மாணவ ஆய்வாளர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும், தாலியான் காசே என்ற அரசாங்க உதவிச் சேவையின் 15999 என்ற எண்ணையும் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

தொடக்கூடாதவை எவை என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சிறியது. அரசியலமைப்பின் குடியுரிமைப் பகுதி, தேசிய மொழி பற்றிய 152ஆம் பிரிவு, மலாய்க்காரர் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்புரிமை பற்றிய 153ஆம் பிரிவு, ஆட்சியாளர்கள் பற்றிய 181ஆம் பிரிவு ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதை, 1969 இனக் கலவரத்திற்குப் பின் திருத்தப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சிறப்புரிமையோடு சேர்ந்து வரும் உபகாரச் சம்பளம், மெட்ரிகுலேஷன் எனப்படும் பல்கலைக்கழக முன்படிப்புக்கான இடங்கள் பற்றிய பேச்சு படிவம் 4 வகுப்பில் கட்டாயம் எழும். பேசுவதை அடக்க வேண்டியதில்லை, ஆனால் அதை உங்கள் பள்ளி ஆய்வின் வினாவாக மாணவர் பெயரில் அச்சிட்டு வெளியே விடாதீர்கள். மதமாற்றம், யாருடைய சமயம் சரி என்பவை பற்றியும் எந்த வினாவும் வேண்டாம். சமயம் தொடர்பான குற்றங்களைப் பற்றிய தண்டனைச் சட்டப் பிரிவுகள் ஒருபுறம் இருக்க, அந்த விடைகளால் உங்கள் பள்ளியில் ஒரு நாற்காலி கூட இடம் மாறப்போவதில்லை. பள்ளி முதல்வரின் கையெழுத்தால் மாற்றக்கூடியதை மட்டும் ஆராய்ந்தால் சட்டத்தின் பக்கமும் போக வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் நம்மவர் என்பதால் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இத்தகைய ஆய்வில் தமிழ் மாணவர்கள் எப்போதும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே வந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். நாமும் அப்படியே உட்கார வைக்கிறோம். வங்காளதேசத் தொழிலாளரைப் பற்றி நம் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் என்ன பேசுகிறார்கள்? தமிழ் பேசும் முஸ்லிம் மாணவன் வந்தால் ‘இவன் நம்ம ஆளா?’ என்ற பார்வை வருவதில்லையா? கறுப்பான பெண்ணுக்கு வைக்கும் பட்டப்பெயரை வைப்பது பெரும்பாலும் யார்? சாதியின் பெயரைச் சொல்லிப் பழகும் வழக்கம் நம் தமிழ் மாணவர்களிடையே முற்றிலும் ஒழிந்துவிட்டதா? நான் மேலே சொன்ன பன்னிருவர் குழுவில் ஒரு தமிழ் மாணவன், ‘நாம் மற்றவர்களை எப்படிக் கூப்பிடுகிறோம்?’ என்ற வினாவைச் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அந்த ஒரு வினா வந்த பிறகுதான் மற்ற இன மாணவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உட்கார்ந்திருந்ததை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்து பேசத் தொடங்கினார்கள்.

கடைசியாக, மாணவர்கள் சொல்வதை யார் செவிகொடுத்துக் கேட்கப்போகிறார்கள் என்பது. லாரா லண்டி என்ற கல்வியாளர் 2007இல், பிள்ளைகளுக்குப் பேச இடமும் குரலும் தந்தால் மட்டும் போதாது, கேட்பதற்குச் செவியும் கேட்டதற்கு விளைவும் வேண்டும் என்று எழுதினார். நாம் முதல் இரண்டோடு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறோம். நீங்கள் ஆய்வைத் தொடங்கும் முன்பே முதல்வரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடமும், இன்ன தேதியில் மாணவர்கள் சொல்வதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்கள், ஒவ்வொரு பரிந்துரைக்கும் முடியும், முடியாது, இப்போதைக்கு இல்லை என்ற மூன்றில் ஒன்றைக் காரணத்தோடு ஒரு மாதத்திற்குள் எழுதித் தருவார்கள் என்று வாக்குப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த வாக்கு கிடைக்கவில்லை என்றால் ஆய்வை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள். அறிக்கையில் 23 பேரின் விடையை விழுக்காடாக மாற்றாமல் 23 பேரில் ஒன்பது பேர் என்றே எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலோ டிக்டாக்கிலோ ஒரு பக்கம் கூடப் போகக்கூடாது என்பதை மாணவர்களோடு பேசி அவர்கள் வாயாலேயே விதியாக்குங்கள்.

காலத்தையும் பார்த்து வையுங்கள். படிவம் 5 பிள்ளைகளை எஸ்.பி.எம். பொதுத்தேர்வு நெருக்கடியில் இழுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம் என்பதால், புறப்பாட நடவடிக்கைக்கு ஒதுக்கிய பிற்பகலையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மலாய் மாணவர்கள் இல்லாத சமத்துவக் குழு ஒன்று உருவாகிவிடும். சிற்றுண்டிச்சாலை பற்றிய கணக்கெடுப்பை நோன்பு மாதத்தில் வைக்காதீர்கள்; அந்த மாதத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது வேறு விதம்.

என் பன்னிருவர் குழு ஆறு பரிந்துரைகளை முன்வைத்தது. முதல்வர் ஐந்துக்கு எழுத்தில் பதில் தந்தார். பயன்படாமல் கிடந்த பழைய தையல் அறை நன்னெறி வகுப்புக்குத் திறந்துவிடப்பட்டது. சிற்றுண்டிச்சாலைக்காரர் ஒவ்வொரு சூப்புக்கும் முன்னால் அது எந்த இறைச்சி என்று மூன்று மொழியில் ஓர் அட்டை வைத்தார். குழு வேலைக்கு மாணவர்களைப் பிரிக்கும் முறையை மாற்ற முடியாது என்று சொல்லி அதற்குக் காரணமும் முதல்வர் எழுதியிருந்தார். மாணவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கோலம் பற்றிய பரிந்துரைக்கு மட்டும் பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு வந்த புதிய குழுவில் யாரும் பழைய அறிக்கையைப் பார்த்திருக்கவில்லை. சீட்டுகளைப் பிரித்தபோது அதே கேள்வி வேறொரு கையெழுத்தில் மறுபடியும் இருந்தது.